47ஆம் மாதம்

அம்பிட்டியவில் வீட்டிலிருந்தபடியே கம்பியூட்டர் வேலை செய்து பிழைக்கிறவன் நான். ஏதோ ராக்கெட் விடுகிற சமாசாரம் என்று சொந்தக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உள்ளதைச் சொன்னால், பெரும்பாலும் காகிதத்தில் திகதி அச்சடிக்கிற வேலைதான். டியூட்டரிக்கு ரிசீட், கெஸ்ட் ஹவுஸுக்கு புக்கிங் தாள், டிஸ்பென்சரிக்கு நோயாளர் அட்டை. எல்லாவற்றின் மூலையிலும் ஒரு திகதி இருக்கும். அந்த மூலையில்தான் என் மானம் போகும்.

கம்பியூட்டருக்கு நேரம் நன்றாகவே தெரியும். 1970 ஜனவரி 1 கிரினிச் நள்ளிரவிலிருந்து எத்தனை விநாடி கழிந்தது என்று ஒரே எண்ணாக வைத்திருக்கும். அதில் குழப்பமே இல்லை. அந்த எண்ணை மனிதர் வாசிக்கிற எழுத்தாக மாற்றித் தரச் சொல்லுகிற இடத்தில்தான் என்னைப் போன்றவன் நுழைகிறான். ஆண்டுக்கு இன்ன எழுத்து, மாதத்துக்கு இன்ன எழுத்து என்று ஓர் அச்சு கொடுக்க வேண்டும். மிஞ்சிப்போனால் இருபது எழுத்து. பாடமாக்கியிருக்கலாம்தான். எனக்கு வாய்ப்பாடே பன்னிரண்டுக்கு மேல் ஏறியதில்லை.

ஜாவா மொழியில் பெரிய எம் மாதம், சின்ன எம் நிமிடம். பைத்தனில் சரியாக நேர்மாறு: சின்ன எம் மாதம், பெரிய எம் நிமிடம். இதை ஒழுங்குபடுத்த உலகத்தில் ஓர் ஆளும் இல்லையா என்று கேட்கக் கூடாது. பைத்தனில் கைபழகி ஜாவாவுக்கு வந்தவன் நான். டியூட்டரி ரிசீட்டுக்கு, பழைய பழக்கத்தில் சின்ன எம் போட்டேன். ஜூன் மாதம் ஒரு காலை, ஒன்பது மணி ஆறு நிமிடத்துக்குச் சோதித்துப் பார்த்தேன். மாதம் 06 என்று வந்தது. திருப்தியாக அனுப்பிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். மறுநாள் 8.47க்கு முதல் பிள்ளை வந்து காசு கட்டியது. ரிசீட்டில் மாதம் 47.

டியூட்டரி சேர் ஃபோன் எடுத்தார். குரலில் கோபமில்லை, அதுதான் பயம். "தம்பி, இந்தப் பிள்ளை நாற்பத்தேழாம் மாசம் வரைக்கும் ஃபீஸ் கட்டிட்டதா ரிசீட் சொல்லுது. அதுவரைக்கும் நான் காசு கேக்கக் கூடாதா?"

இப்போது யோசித்தால், என் பிழைகளிலேயே நேர்மையானது அந்த 47தான். பார்த்தவுடன் தன்னைத் தானே காட்டிக்கொடுத்தது. மணித்தியாலத்தின் முதல் பன்னிரண்டு நிமிடம் மட்டுமே அதற்கு ஒளிய இடமிருந்தது. நான் சோதித்தது அந்த நேரத்தில் என்பது என் ராசி. மற்றப் பிழைகள் அப்படியல்ல. பிழையான திகதியும் திகதி மாதிரியே இருக்கும். சிவப்பு எழுத்து வராது, மெஷின் கத்தாது. நாள், மாதம், ஆண்டு எல்லாம் குளித்து உடுத்தி வந்து வரிசையில் நிற்கும்.

2017இல் தலாத்துஓயா ரோட்டுப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸுக்கு புக்கிங் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். நடத்துகிறவர் ஒரு சிங்கள அம்மா. என்னை மல்லி என்பார். அமெரிக்க முகவர் ஒருவர் அனுப்பும் பட்டியலை என் புரோகிராம் வாசித்து அறைகளை ஒதுக்க வேண்டும். அதில் ஒரு வரி: 07/08/2017. நமக்கு நாள் முதலில், மாதம் அடுத்தது. ஆகவே ஓகஸ்ட் 7. அன்று நிக்கினிப் போயா, கண்டிப் பெரஹராவின் கடைசி ரந்தோலி இரவு. வெளிநாட்டுக்காரர் கடைசி ரந்தோலி பார்க்காமல் வேறெதற்கு வரப்போகிறார்? ஒருவருக்கும் சந்தேகமே வரவில்லை.

அமெரிக்காக்காரருக்கோ மாதம்தான் முதலில். அவர் எழுதியது ஜூலை 8. அதுவும் ஒரு போயா, எசலப் போயா. அன்றைக்கு அந்த அம்மா வெள்ளை உடுத்திச் சில் எடுக்கப் பன்சலைக்குப் போயிருந்தார். வாசலில் ஒரு தம்பதி பெட்டிகளோடு வந்து நின்றார்கள். வீட்டிலிருந்த பையன் மெஷினைத் தட்டிப் பார்த்துவிட்டு, உங்கள் பெயர் இருக்கிறது, ஆனால் அடுத்த மாதம் வாருங்கள் என்றிருக்கிறான். அவர்களை எப்படியோ ஓர் அறையில் சமாளித்துப் போட்டார்கள். பிறகு ஓகஸ்ட் 7 வந்தது. கண்டியில் திண்ணைக்குக்கூட வாடகை கேட்கிற இரவு. அந்த வீட்டில் ஓர் அறை பூட்டியபடி கிடந்தது. பின்னேரம் வரை யாராவது வருவார்கள் என்று அந்த அம்மா பார்த்திருந்தாராம்.

பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். நாளும் மாதமும் பன்னிரண்டுக்குள் இருந்தால் இரண்டு விதமாகவும் வாசிக்கலாம். பன்னிரண்டு தரம் பன்னிரண்டு 144. அதில் 1/1, 2/2 போல எப்படி வாசித்தாலும் ஒன்றாகிறவை 12. மிச்சம் ஆண்டுக்கு 132 நாள் பொறிக்கிடங்கு. 13ஆம் திகதியாக இருந்திருந்தால், அப்படியொரு மாதம் இல்லையே என்று புரோகிராம் கத்தியிருக்கும்.

அந்த அம்மா பழைய சீஆர் கொப்பி ஒன்றை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு வரியிலும் நாளை இலக்கத்தில் போட்டு, மாதத்தின் பெயரைச் சிங்களத்தில் முழுசாக எழுதி, பக்கத்தில் ஆளின் நாட்டையும் குறித்திருந்தார். "மெஷின் நல்லதுதான் மல்லி, மாதத்தை மட்டும் எழுத்தில எழுதச் சொல்லு" என்றார். கம்பியூட்டர் படிக்காத ஒருவர் தன்பாட்டில் கண்டுபிடித்த முறை. நான் கம்பஸில் படித்தும் கண்டுபிடிக்கவில்லை.

ரோசம் வந்து ஐஎஸ்ஓ 8601 என்ற உலகத் தரத்துக்கு எல்லாவற்றையும் மாற்றினேன். 1988இல் வந்தது, ஆண்டு, மாதம், நாள் என்று பெரியதிலிருந்து சின்னதுக்கு இறங்கும். 2017-08-07. எந்த நாட்டுக்காரருக்கும் ஒரே அர்த்தம். எழுத்தாக அடுக்கினாலே கால வரிசையில் வந்துவிடும் என்பது கூடுதல் லாபம். இனி என்னை யாரும் அசைக்க முடியாது என்றிருந்தேன். அசைத்தது 18:30.

கொழும்பு, சென்னை, பெங்களூரு எங்கே திகதி வேலை செய்கிறவனைக் கேட்டாலும் இந்த 18:30ஐத் தெரியும். நம் நள்ளிரவு கிரினிச்சில் முந்தின நாள் மாலை ஆறரை. 14ஆம் திகதி என்று காலண்டரில் தட்டினால் ஜாவாஸ்கிரிப்ட் அதை நம்மூர் 14ஆம் திகதி நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். அதை ஐஎஸ்ஓ எழுத்தாக மாற்றித் தா என்றால், கிரினிச்சுக்குப் போய் 13ஆம் திகதி 18:30 என்று எழுதித் தரும். நானோ நேரம் எதற்கு என்று முதல் பத்து எழுத்தை மட்டும் வெட்டி எடுத்தேன். எல்லா புக்கிங்கும் ஒரு நாள் முந்திப்போயிற்று. காரணம் தெரியவில்லை. ஒரு நாள் குறைகிறதே, ஒரு நாள் கூட்டினால் சரி என்று கூட்டிவிட்டேன். சரியாகவும் வந்தது. சில வாரத்தில் அந்த அம்மா பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் அறை தருவோம் என்று நேரமும் சேர்க்கச் சொன்னார். நம் இரண்டு மணி கிரினிச்சில் அதே நாள் காலை எட்டரை. திகதி இப்போது குறையவில்லை; என் கூட்டல் மட்டும் அப்படியே இருந்தது. எல்லா புக்கிங்கும் ஒரு நாள் பிந்திப்போயிற்று.

டிஸ்பென்சரி கதை இன்னும் மோசம். அங்கே என் மானம் போனது எனக்கே நெடுநாள் தெரியாது.

இலங்கையர் ஒவ்வொருவரும் தன் பிறந்த நாளை ஒரு ரகசிய எழுத்தாக்கிப் பையில் கொண்டு திரிகிறார்: அடையாள அட்டை இலக்கம். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500ஐக் கூட்டியிருப்பார்கள். 2016இலிருந்து வருகிற 12 இலக்க அட்டையில் ஆண்டுக்கு நாலு இலக்கம். நாள் கணக்கு அதேதான். அட்டை இலக்கத்தைத் தட்டினால் பிறந்த திகதி தானாக நிரம்பும்படி செய்தேன். பார்த்தவர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள்.

500 விஷயத்தை நான் மறந்திருந்தேன். 1985 ஜூன் 14இல் பிறந்த பெண்ணின் அட்டையில் 666 என்றிருக்கும். ஜாவாவின் பழைய நாட்காட்டி மிகத் தாராளமானது. 666ஆவது நாள் என்று கொடுத்தால் அப்படி நாள் இல்லை என்று சொல்லாது. எண்ணிக்கொண்டே போய் 1986 ஒக்டோபர் 28 என்று நிற்கும். ஊர்ப் பெண்களையெல்லாம் ஐந்நூறு நாள் இளமையாக்கிவிட்டேன். அட்டையில் வயதைப் பார்த்த எந்த அக்காவும் முறைப்பாடு செய்யவில்லை. ஓர் ஆண் வந்து, தன் மனைவியின் வயது பிழை என்று சொல்லித்தான் விஷயம் வெளியே வந்தது. வீட்டுக்குப் போய் அவருக்கு என்ன நடந்ததோ.

அதைத் திருத்தினேன். அடுத்தது பிறந்தநாள் வாழ்த்து எஸ்எம்எஸ். பாதிப் பேருக்கு மேல் ஒரு நாள் பிந்திப் போனது. அடையாள அட்டைக் கணக்கில் பெப்ரவரிக்கு எல்லா ஆண்டிலும் 29 நாள் என்பது எனக்குத் தெரியாது. லீப் ஆண்டோ இல்லையோ, மார்ச் 1க்கு 061தான். சாதாரண ஆண்டுகளில் மார்ச் 1 முதல் பிறந்த அத்தனை பேரையும் என் புரோகிராம் ஒரு நாள் தள்ளிப் பிறக்க வைத்தது. 1985 டிசம்பர் 31இல் பிறந்த ஒருவர் 366ஆவது நாளாகி, 1986 ஜனவரி 1இல் பிறந்தார். இத்தனையும் சோதனையில் தெரியவில்லையா என்றால், தெரியவில்லை. சோதனைக்கு நான் போட்டது என் சொந்த அட்டையை. நான் ஆண், பிறந்தது பெப்ரவரியில். இரண்டு பிழையும் தொட முடியாத பிறவி.

ஆனாலும் என்னைச் சரியாக இருத்தியெழுப்பியவர் கட்டுக்கலைப் பக்கம் இருக்கிற ஒரு ஜோசியர்தான். ஜாதகக் குறிப்பின் முதல் பக்கத்தை அச்சடிக்க ஒரு புரோகிராம் கேட்டார். பிறந்த நேரத்தைக் கொடுத்தால் லக்கினத்தோடு அழகாக வர வேண்டும். கிரகக் கணக்குக்கு ஆயத்தமாகவே நிரல்கள் கிடைக்கின்றன. என் பங்கு, கடிகார நேரத்தைக் கிரினிச் நேரமாக மாற்றிக் கொடுப்பது மட்டும். இலங்கை ஐந்தரை மணி முந்தியது. ஐந்தரையைக் கழி, வேலை முடிந்தது.

ஐயா ஒரு பிள்ளையின் நேரத்தைக் கொடுத்தார்: 1996 ஓகஸ்ட், காலை 7.20. தாள் வந்தது. கண்ணாடியைக் கூடப் போடாமல் பார்த்துவிட்டு, "லக்கினம் பிழை தம்பி" என்றார். இருக்காது என்றேன். "தொண்ணூத்தாறு மே இருபத்தஞ்சுக்கு முன்னயா பின்னயா?" என்றார். நான் முழித்தேன்.

அந்த ஆண்டு மழையில்லை, நீர்த்தேக்கங்களில் தண்ணீர் இல்லை, மின்வெட்டு. அரசாங்கம் மே 25ஆம் திகதி கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. ஒக்டோபர் 26இல் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தது. மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் 15, புத்தாண்டோடுதான் திரும்பி வந்தது. அந்த நாட்களில் இருட்டோடு எழும்பி, கண்ணைக் கசக்கிக்கொண்டு ஸ்கூலுக்குப் போன பிள்ளைகளில் நானும் ஒருவன். அனுபவித்தவனே மறந்துவிட்டு ஐந்தரையைக் கழித்துக்கொண்டிருந்தேன். ஐயா தன் பழைய பஞ்சாங்கத்தின் பின்னட்டையில் மூன்று திகதியையும் பென்சிலால் எழுதி வைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து, 1996 முதல் 2006 வரை எல்லாருக்கும் ஆறு மணியைக் கழி என்று திருத்தினேன். ஓகஸ்ட் பிள்ளைக்கு மீண்டும் பிழை. அந்த ஐந்து மாதம் வித்தியாசம் ஆறரை அல்லவா? லக்கினம் சராசரியாக இரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்று மாறும். அரை மணித்தியாலப் பிழை என்றால் நாலில் ஒருவருக்கு லக்கினமே மாறிவிடும். கல்யாணப் பேச்சுகளை நினைத்துப் பார்த்தேன். பிறகு அதைப் பற்றி நினைக்கவில்லை.

கடைசியில்தான், உலகத்து நேர மாற்றங்களையெல்லாம் சேர்த்து வைத்திருக்கும் நேர வலயத் தரவுத்தளத்தைத் திறந்தேன். ஆர்தர் டேவிட் ஓல்சன் என்ற அமெரிக்கர் தொடங்கியது. ஆன்ட்ராய்டு ஃபோன், லினக்ஸ் மெஷின் எல்லாம் இதிலிருந்துதான் நேரம் எடுக்கின்றன. அதில் ஆசியா/கொழும்பு என்ற பதிவில் ஐயாவின் மூன்று திகதியும் அப்படியே இருந்தன. நான் தேடாமல் விட்டதைத் தவிர வேறு குறையில்லை. மறுநாள் போய்ப் பெருமையாகக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பொண்ணு கிளிநொச்சியில பொறந்திருந்தா?" என்றார்.

அது அந்தப் பதிவின் கணக்கில் இல்லாத விஷயம். புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் அந்தப் பத்தாண்டும் பழைய நேரமே ஓடியது. அங்கே ஐந்தரை, இங்கே ஆறு. சமாதான காலத்தில் ஓமந்தையைத் தாண்டினால் மணிக்கூட்டையும் மாற்ற வேண்டும். கம்பியூட்டருக்கு இலங்கை என்றால் ஆசியா/கொழும்பு ஒன்றுதான். "அப்போ என்ன செய்றது ஐயா?" என்றேன். "தாயைக் கேக்கணும். ஆஸ்பத்திரிச் சுவத்து மணிக்கூடு எந்த நேரத்துல ஓடிச்சுன்னு அவங்களுக்குத்தான் தெரியும்." அதற்கு என் புரோகிராமில் பெட்டி இல்லை. இன்றைக்கும் இல்லை, "குறிப்பு" என்று ஒரு காலி இடம் மட்டும் விட்டுக் கொடுத்திருக்கிறேன். ஐயா அதைப் பென்சிலால் நிரப்புகிறார்.

தோற்ற கையோடு, அந்தப் பதிவில் அவருக்குத் தெரியாதது ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது. 1942இல் யுத்தத்துக்காக இரண்டு தடவை அரை அரை மணித்தியாலம் முன்னுக்குப் போய், 1945 ஒக்டோபரில் திரும்பியது. அதற்கும் முன்னே, 1880 முதல் 1906 வரை கிரினிச்சுக்கும் நமக்கும் 5 மணி 19 நிமிடம் 32 விநாடி வித்தியாசம். மொரட்டுவை நேரம் என்று பெயர். வாசித்துக் காட்டினேன். "அந்தக் காலத்துல பொறந்தவன் எவன் இப்ப கல்யாணம் பேசி வரப்போறான்?" என்றார்.

எனக்குத் தெரிந்து அந்தக் காலத்தில் பிறந்து இன்னும் அம்பிட்டியவில் இருப்பது குருமடம் ஒன்றுதான். பழைய ஆட்கள் சிங்கராயர் என்று சொல்லும் 13ஆம் லியோ பாப்பரசர், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் குருக்களைப் பயிற்றுவிக்க 1893இல் தொடங்கியது. பெல்ஜிய இயேசு சபையார் நடத்தினார்கள். 1955இல் அது புனேக்குப் போய், இங்கே தேசிய குருமடம் வந்தது. 1582இல் 13ஆம் கிரகோரி பாப்பரசர் பத்து நாளை வெட்டி எறிந்து, ஒக்டோபர் 4க்கு அடுத்த நாள் 15 என்று அறிவித்தபோது, அதற்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்த கிளேவியஸும் இயேசு சபைக்காரர். ஜாவாவில் திகதி வேலைக்கு நான் தினமும் அழைக்கிற நிரலின் பெயரே கிரிகோரியன் கெலண்டர். அந்தப் பத்து நாள் வெட்டும் அதற்குள் இருக்கிறது. குருமடத்து மதிலைத் தாண்டி பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

டியூட்டரிக்காரருக்கு ரிசீட் தமிழில் வேண்டுமென்று ஆசை வந்தது. மென்பொருளில் தமிழ் மாதங்கள் ஆயத்தமாக இருந்தன: பிப்ரவரி, ஆகஸ்ட், அக்டோபர். "நாம என்ன திருச்சியிலயா கிளாஸ் வைக்கிறோம்?" என்றார் சேர். பெப்ரவரி, ஓகஸ்ட், ஒக்டோபர் என்று நானே தட்டினேன். ரிசீட் ரோல் அகலம் போதவில்லை. ஆங்கிலத்தில் முதல் மூன்று எழுத்தை வெட்டினால் மாதமும் நாளின் பெயரும் வருமே, அதே போல வெட்டினேன். நம் கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவது கம்பியூட்டருக்கு இரண்டு குறி: செ என்றால் ச ஒன்று, கொம்பு ஒன்று. செவ்வாய் ‘செவ’ ஆனது, திங்கள் ‘திங’ ஆனது, மார்ச் ‘மார’ என்று மொட்டையாக நின்றது. வெறுத்துப்போய் மாதத்துக்கு ஓர் எழுத்து போதுமென்று வைத்தேன். ஜூனும் ‘ஜூ’, ஜூலையும் ‘ஜூ’. ஒரு தகப்பனார் ஜூன் ரிசீட்டைக் கொண்டுவந்து, ஜூலைக்கும் கட்டியாச்சு என்று மேசையில் வைத்தார். சேர் என்னைப் பார்த்தார். நான் ரோலைப் பார்த்தேன்.

இதெல்லாம் மற்றவர்களுக்குச் செய்த வினை. எனக்கே செய்துகொண்டதும் உண்டு.

ஜாவாவில் ஆண்டுக்குச் சின்ன வை போட வேண்டும். பெரிய வை போட்டாலும் ஆண்டு வரும். ஆனால் அது அந்தக் கிழமை எந்த ஆண்டைச் சேர்ந்ததோ அந்த ஆண்டு. வருடம் முழுக்க இரண்டும் ஒன்றுதான். டிசம்பர் கடைசியில் சில நாள் மட்டும், ஜனவரி 1 விழுகிற கிழமையில், பெரிய வை அடுத்த ஆண்டுக்குத் தாவிவிடும். 2014 டிசம்பர் 29 அன்று டுவிட்டரே இதில் வழுக்கியது. அவர்களின் சேர்வர் 2015 என்று ஆண்டு சொல்ல, ஆன்ட்ராய்டு ஃபோன்காரர்கள் உள்ளே நுழைய முடியாமல் வெளியே நின்றார்கள். அந்தச் செய்தியை வாசித்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். என் சொந்த பில் அடிக்கும் புரோகிராமில் எந்த வை இருக்கிறது என்று போய்ப் பார்க்கத் தோன்றவில்லை.

2019 டிசம்பர் 30, திங்கட்கிழமை. ஆண்டு முடியுமுன் பில்லை அனுப்பினால் ஜனவரியில் காசு வரும் என்று ஒரு கம்பனிக்கு அனுப்பினேன். மூலையில் 30-12-2020 என்று அச்சாகியிருந்தது. நான் பார்க்கவில்லை. அங்கே கணக்குப் பார்க்கிற மிஸ் பார்த்திருக்கிறார். பில் திகதியிலிருந்து முப்பது நாளுக்குள் கொடுப்பது அவர்களின் ஒழுங்கு. திகதி இன்னும் வரவில்லையே என்று அதை எடுத்து உரிய கோப்பில் போட்டுவிட்டார். நான் இரண்டு தடவை ஞாபகப்படுத்தினேன். இன்னும் காலம் இருக்கிறது சேர் என்று மரியாதையாகப் பதில் வந்தது. பெரிய கம்பனிகள் இப்படித்தான் இழுத்தடிக்கும் என்று தலாத்துஓயா பஸ்ஸில் ஏறுகிற எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். பிறகு கொரோனா வந்தது, அந்தப் பேச்சும் அடங்கிப்போயிற்று.

2021 ஜனவரியில் காசு வந்தது. பில் திகதிப்படி ஒரு நாள்கூடத் தாமதமில்லை.